பழைய கலசங்களை எடைக்குப் போடாதீர்கள்: திருப்பணிக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணன், செயலாளர் தம்பி, பொருளாளர் மாமா, மற்றும் திருப்பணிக் கமிட்டியில் இருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தலைக்கட்டு வரிக்கான ரசீதும் கும்பாபிஷேக நோட்டீஸும் வந்து சேர்ந்தன. நோட்டீஸில் "ராஜகோபுரத்துக்குப் புதிய தங்க நிறக் கலசங்கள் ஐந்து" என்று ஒரு வரி இருக்கிறது. அதன் கீழே உபயதாரர் பெயர் எழுத ஐந்து கோடுகள். விசாரித்தால், இப்போது மேலே இருக்கிற ஐந்தையும் கடைக்காரரே எடை போட்டு எடுத்துக்கொள்வார், செம்பின் விலையைப் புதிய பில்லில் கழித்துக்கொள்வார் என்று பேசி முடித்தாயிற்றாம். இதை ஊருக்கு வந்து நேரில் கேட்கலாம்தான். ஆனால் இது நம் ஊரோடு நிற்கிற விஷயமாக இல்லை. சாரம் கட்டியிருக்கிற கோபுரம் எதைப் பார்த்தாலும் அங்கேயும் ஏறக்குறைய இதே பேரம்தான் நடக்கிறது. அதனால் உங்களுக்கு எழுதுவதையே மற்ற ஊர்க் கமிட்டிகளும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கலசங்களைக் கொடுக்காதீர்கள். இறக்குங்கள், ஊர் பார்க்க எடை போடுங்கள், அளந்து எழுதுங்கள், பழுது பாருங்கள், அவற்றையே திரும்ப ஏற்றுங்கள். ஐந்தில் ஒன்று உண்மையிலேயே தேறாது என்றால் அந்த ஒன்றை மட்டும் செம்பிலேயே புதிதாகச் செய்யலாம். தேறாததும் கோயில் சொத்துதான். அது பதிவேட்டில் ஏறி, பூட்டிய அறையில் இருக்க வேண்டும். கடைக்காரரின் வண்டியில் ஏறக்கூடாது.

எடை போட்டு எழுதுவது என்ன புதுப் பழக்கம் என்று கேட்டால், தஞ்சைப் பெரிய கோயிலைப் பாருங்கள். ராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-இல், ஸ்ரீவிமானத்தின், அதாவது கருவறைக்கு மேலே எழும் கோபுரத்தின், உச்சியில் வைக்கச் செப்புக்குடம் ஒன்று கொடுத்தான். கொடுத்ததோடு விடவில்லை. செம்பு 3,083 பலம், அதன் மேல் போர்த்திய பொன் தகடு 2,926½ கழஞ்சு என்று (பலமும் கழஞ்சும் அந்தக் கால எடை அளவுகள்) இரண்டையும் தனித்தனியே கல்லில் வெட்டி வைத்தான். ஒரு கழஞ்சு என்பது 5 கிராமுக்குக் கொஞ்சம் கூட என்று கொண்டால், பொன் மட்டுமே சுமார் 15 கிலோ வரும். அந்த அரைக் கழஞ்சைக் கவனியுங்கள். இரண்டரை கிராமுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். 15 கிலோ பொன் கொடுக்கிறவன் அந்த அரைக் கழஞ்சையும் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறான். கணக்கைக் கேட்க அவனுக்கு மேலே ஆள் இல்லை. இருந்தும் எழுதினான். நம் கமிட்டிக்கு மேலே ஊரே இருக்கிறது. ஆனால் நம் ஐந்து கலசங்களின் எடை இன்றைக்கு யாருக்கும் தெரியாது. கடைக்காரர் "இவ்வளவுதான் நின்றது" என்று ஒரு சீட்டை நீட்டினால் அதை மறுத்துப் பேச நம்மிடம் என்ன இருக்கிறது?

கலசம் வெறும் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டுதான் இந்த மாற்றமெல்லாம் நடக்கிறது என்று தோன்றுகிறது. அதற்குக் கட்டடத்தில் ஒரு வேலை இருக்கிறது. கோபுரத்தின் உச்சி வண்டிக்கூண்டு போல நீண்டு வளைந்திருக்கும். அதன் முகட்டில் வரிசையாக, ஒற்றைப்படையில், கலசங்கள் நிற்கும். 1987-இல் கட்டி முடித்த ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு 13 நிலை, 13 செப்புக் கலசம். கருவறை விமானத்தின் சிகரமோ பெரும்பாலும் சதுரமாகவோ எண்பட்டையாகவோ வட்டமாகவோ ஒரு புள்ளியில் முடியும். அதனால் அங்கே ஒரே கலசம். சிதம்பரம் பொன்னம்பலத்துக் கூரையில் ஒன்பது. எங்கே எத்தனை இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். கட்டுமானத்துக்குள்ளிருந்து ஒரு தண்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கல்வெட்டில் அதைத் தூபித்தறி என்கிறார்கள். பீடம், குடம், கழுத்து, மலர், மொட்டு என்று கலசத்தின் பகுதிகளை ஒவ்வொன்றாக அந்தத் தண்டில் கோத்து இறக்குவார்கள். தண்டு வெளியே வரும் இடத்தில் மழைநீர் உள்ளே போகாமல் மூடுவதும் கலசத்தின் வேலைதான். கூரை வீட்டின் நடுக்கம்பத்து முனையில் குடத்தைக் கவிழ்த்த பழக்கத்திலிருந்தே இது வந்தது என்று கருதுகிறவர்களும் உண்டு.

மாமல்லபுரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது பஞ்ச ரதங்களின் உச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள். உச்சியில் தூபி, அதாவது கலசம், ஏறாமலே வேலை நின்றுபோயிருக்கிறது. பக்கத்திலேயே கடற்கரைக் கோயிலின் விமானங்களில் கல்லில் செதுக்கிய தூபி நிற்கிறது. முடிந்த கோயிலுக்கும் முடியாத கோயிலுக்கும் உள்ள வித்தியாசத்தை அண்ணாந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே சாரம் உச்சிக்குப் போனதும் முதலில் பார்க்க வேண்டியது கலசத்தின் பளபளப்பை அல்ல, அது உட்கார்ந்திருக்கிற இடத்தை. பீடத்தைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, தண்டின் அடி மக்கியிருக்கிறதா, அரச மரக் கன்று எதுவும் வேர் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பறவை போட்ட விதை ஒன்று போதும், பத்து வருடத்தில் செங்கல்லைப் பிளந்துவிடும். கன்றை மேலே வெட்டிவிட்டு வெள்ளையடித்து மறைப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. வேரோடு எடுக்காவிட்டால் அடுத்த மழைக்கே துளிர்க்கும். இன்னொன்று, பீடத்தைச் சுற்றிப் பூசுவதற்குச் சிமெண்ட் வேண்டாம். அந்தக் கோபுரம் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். மேலே சிமெண்ட்டைப் பூசினால் உள்ளே போன நீர் வெளியே வர வழியில்லாமல் சுதையைப் பெயர்க்கும். கடுக்காயும் வெல்லமும் போட்டுச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தப் பச்சை. "கலசமெல்லாம் களிம்பு ஏறிக் கெட்டுப்போச்சு" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம். வெயிலிலும் மழையிலும் நிற்கிற செம்பின் மேல் பச்சையோ கருப்போ படிவது இயல்பு. பெரும்பாலான இடத்தில் அது கெடுதி இல்லை. அடியில் இருக்கிற உலோகத்துக்கு அதுவே போர்வை. அதைப் போக்க ஆசிடில் முக்குவதும், பாலிஷ் சக்கரத்தில் பிடிப்பதும்தான் கெடுதி. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் செம்பு போகும். தட்டி எடுத்த சுத்தியல் தடம் மழுங்கும். பழைய பொன்முலாம் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் போகும். எல்லாவற்றையும்விட, விளிம்பில் வெட்டியிருக்கக்கூடிய எழுத்து அழியும். பழைய செப்புப் பாத்திரங்களில் உபயம் செய்தவர் பெயரையும் எடையையும் தமிழ் வருடப் பெயரையும் கொத்தி வைக்கிற வழக்கம் உண்டு. நம் கலசங்களில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று இதுவரை யாரும் பார்த்ததாகக் கேள்விப்படவில்லை. 12 வருடத்துக்கு ஒருமுறைதான் அதற்கு வாய்ப்பு வருகிறது. துடைப்பதற்கு முன்னால் விளிம்பையும் பீடத்தின் உட்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எழுத்து தென்பட்டால் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி செல்போனில் படம் எடுங்கள், நன்றாகத் தெரியும்.

இப்போது புதிய கலசத்துக்கு வருவோம். நோட்டீஸில் "தங்க நிற" என்று எழுதியது நேர்மைதான், ஏனென்றால் அதில் இருக்கப்போவது நிறம் மட்டுமே. கடைகளில் டைட்டானியம் கோல்டு என்று விற்பது பெரும்பாலும் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. வெற்றிடப் பெட்டிக்குள் வைத்து மெல்லிய படலமாக ஏற்றுவார்கள். அதில் துளிப் பொன் கிடையாது. துளையிடும் கருவிகளின் முனை தேயாமல் இருக்கப் பூசுவதும் இதே பொருள்தான். அடியில் இருப்பது செம்பா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆகமம் எழுதியவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றித் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் சிவாச்சாரியாரிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும், அதனால்தான் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பொன் பூச வேண்டும் என்று ஊர் ஆசைப்பட்டால் அதில் தவறே இல்லை. அந்தக் காலத்தில் பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, சூட்டில் ரசத்தை ஆவியாக்கினார்கள். அந்த ஆவி செய்கிறவனையே கொல்லும், எனவே அந்த முறை வேண்டாம். இன்று மின்முலாம் இருக்கிறது. பழைய செம்பின் மேலேயே ஏற்றலாம். ஆனால் எத்தனை கிராம் பொன், எத்தனை மைக்ரான் கனம் என்று பேசிவிட்டுக் கொடுங்கள். "தங்க முலாம்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பிப் பணம் கொடுத்தால், இரண்டு மழைக்காலம் கழித்துக் கோபுரமே பதில் சொல்லிவிடும்.

பழுது பார்க்க ஆள் இல்லை என்பது இன்னொரு சாக்கு. கும்பகோணத்தில் செம்பும் பித்தளையும் அடிக்கிற கன்னார்கள் இருக்கிறார்கள், பக்கத்தில் சுவாமிமலையில் திருமேனி வார்க்கிற ஸ்தபதிகள் இருக்கிறார்கள், நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கின் உச்சியில் அன்னத்தை உட்கார வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நெளிந்த குடத்தை உள்ளிருந்து தட்டி எடுப்பதும், கிழிந்த இடத்தில் செம்புத் துண்டு வைத்துப் பற்றவைப்பதும் இவர்களுக்குத் தினசரி வேலை. அவர்களில் ஒருவரைக் கோயிலுக்கே கூட்டி வந்து சாரத்தில் ஏற்றிக் காட்டுங்கள். பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும்தான். புதியது விற்கிறவரிடமே "பழையது தேறுமா" என்று கேட்டால் அவர் வேறென்ன சொல்வார்?

உபயதாரர்கள் விஷயம் எனக்குப் புரிகிறது. பணம் கொடுக்கிறவர் தன் பெயர் எங்காவது நிற்க வேண்டும் என்று விரும்புவார். சிங்கப்பூரிலிருந்து ஒரு கலசத்துக்குப் பணம் அனுப்புகிற அண்ணனிடம் போய் "பீடத்தடியில் சுண்ணாம்பு பூச உங்கள் பணத்தை எடுத்துக்கொண்டோம்" என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். சொல்கிற விதத்தில்தான் இருக்கிறது. "தாத்தா காலத்துக் கலசத்துக்கு நீங்கள் பொன் பூசிக் கொடுங்கள், கல்வெட்டில் உங்கள் பெயரை அப்படியே போடுகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். புதிய தகரத்தில் பெயர் எழுதுவதைவிட அது கௌரவம் என்று அவரும் ஒப்புக்கொள்வார். ஒருவேளை கோபித்துக்கொண்டால், அந்த ஒரு கலசத்தின் செலவை நம் தெருக்காரர்கள் ஏற்றுக்கொள்வோம். பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இனி எல்லோரும் மெல்லிய குரலில் மட்டுமே பேசுகிற விஷயத்துக்கு வருகிறேன். இரிடியம். நம் கோபுரத்துக் கலசத்தில் நடுவில் இருப்பது இடி விழுந்த கலசம், அதனால் அதன் செம்பு இரிடியம் என்கிற விலையுயர்ந்த உலோகமாக மாறிவிட்டது, அதற்கு "பவர்" இருக்கிறது, வெளியூர்ப் பார்ட்டி ஒன்று கோடிக்கணக்கில் தரத் தயாராக இருக்கிறது என்று டீக்கடையில் பேச்சு ஓடுகிறது. இந்தப் பேச்சு நம் ஊரில் பிறந்ததல்ல. பல வருடங்களாகத் தமிழ்நாடு முழுவதும் சுற்றுகிற கதை. இதை நம்பி வீட்டை விற்றவர்கள் இருக்கிறார்கள், கலசம் திருடிப் போலீஸில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரில் போலிக் கடிதம் காட்டிப் பணம் பறித்ததாக வழக்குகளும் வந்திருக்கின்றன.

கதைக்குள் இருக்கிற ஓட்டை ரொம்பப் பெரியது. இரிடியம் ஒரு தனிமம். 1803-இல் பிளாட்டினத் தாதுவின் மிச்சத்திலிருந்து பிரித்தெடுத்தது. அணு எண் 77. செம்பின் அணு எண் 29. இடி இறங்கினால் செம்பு உருகலாம், ஓட்டையாகலாம், கருகலாம். 29-ஐ 77 ஆக்குகிற வேலை இடியால் ஆகாது. அரிசியை இழுக்கும் என்பார்கள். இரிடியம் காந்தத்துக்கே அசையாத உலோகம், அது அரிசியை எதற்கு இழுக்கிறது? பாத்திரத்துக்குள் காந்தத்தை ஒளித்து வைத்துவிட்டு, அரிசியில் இரும்புத் தூளை ஒட்டிவிட்டால் எந்தச் சொம்பும் அரிசியை இழுக்கும். அடுத்த முறை யாராவது செய்து காட்டினால், நீங்கள் வீட்டிலிருந்து கொண்டு போன அரிசியைப் போட்டுப் பாருங்கள். வித்தை அங்கேயே முடிந்துவிடும். இரிடியத்துக்கு அடர்த்தி வேறு பயங்கரம். ஒரு கன சென்டிமீட்டர் 22.5 கிராமுக்கு மேல். செம்பு 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதே அளவுக் கலசம் இரிடியமாக இருந்தால் செம்பைப் போல இரண்டரை மடங்கு கனக்கும். சாரத்தில் இறக்குகிற ஆளின் தோள் சொல்லிவிடும்.

இந்தக் கதையைக் கொல்ல ஒரே வழி, கலசத்தை வெளிச்சத்தில் எடை போடுவதுதான். ஊர் கூடி, தராசு வைத்து, எண்ணைச் சத்தமாகச் சொல்லி, போர்டில் எழுதிப் போட்டால் "பவர்" போய்விடும். ஒரு சாயங்காலம் சத்தமில்லாமல் ஐந்தையும் வண்டியில் ஏற்றிக் கடைக்கு அனுப்பினால் என்ன ஆகும் தெரியுமா? இருபது வருடத்துக்கு இந்தக் கமிட்டி இரிடியத்தை விற்றுவிட்டது என்றுதான் பேசுவார்கள். பொருளாளர் மாமா எவ்வளவு நேர்மையானவர் என்று எனக்குத் தெரியும். அவர் பேரன் கல்யாணத்தில்கூட இதைக் கேட்கப்போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன்: சாரம் நிற்கிற நாட்கள்தான் கலசத்துக்கு ஆபத்தான நாட்கள். மற்ற நேரத்தில் கோபுரத்தின் உச்சிக்குப் போவது லேசில்லை. நாமே மூங்கிலில் படி கட்டிக் கொடுத்துவிட்டு இரவில் கோயிலைப் பூட்டிவிட்டு வந்துவிடுகிறோம். வேலை முடிந்ததும் சாயங்காலமே கீழ்ப்பகுதியின் ஏறு மூங்கில்களை அவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். காவலுக்கு ஆள் போடுங்கள். இறக்கிய கலசங்களை வாகன மண்டபத்தில் போட்டு வைக்காமல், நகைப் பெட்டி இருக்கிற அறையில் வையுங்கள்.

கலசத்துக்குள் போடுகிற வரகைப் பற்றியும் வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது: கலசம் இடிதாங்கி, வரகு மின்னலை உறிஞ்சும், முன்னோர் அறிவியல் என்று. முன்னோருக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்து இதை அனுப்புகிறார்கள், சரி. ஆனால் இதை நம்பிக் கோபுரத்துக்கு இடிதாங்கி வைக்காமல் விட்டால் அது முன்னோர் கட்டிய கோபுரத்துக்குச் செய்கிற துரோகம். உயரமான இடத்தில் கூரான செம்பு இருந்தால் மின்னல் அங்கே விழ வாய்ப்பு அதிகம், அதுவரை உண்மை. விழுந்த மின்சாரம் பூமிக்குப் போக உலோகப் பாதை வேண்டுமே? நம் கலசத்துக்கு அடியில் இருப்பது மரத்தண்டும் செங்கல்லும் சுண்ணாம்பும். அவற்றின் வழியே மின்சாரம் பாயும்போது உள்ளே இருக்கிற ஈரம் ஒரு நொடியில் ஆவியாகி வெடிக்கும். மின்னல் விழுந்து கோபுரத்துச் சுதை பெயர்ந்து விழுந்த செய்தியை ஒவ்வொரு மழைக்காலத்திலும் படிக்கிறோம்.

வேண்டியது, கலசத்தைவிடச் சற்று உயரமாக ஒரு கம்பி, அதிலிருந்து கோபுரத்தின் மறைவான பக்கமாக இறங்குகிற செப்புப் பட்டை, கீழே எர்த் குழி. சிற்பங்களில் துளை போடாமல் கிளிப்பில் பிடிக்க முடியும். முடிந்ததும் எர்த் மின்தடை 10 ஓமுக்குள் இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள், அளக்காமல் பில்லைக் கொடுக்காதீர்கள். உபயதாரர் பட்டியலில் இதையும் ஒரு வரியாகப் போடலாம்.

வரகு வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாக நிரப்புங்கள். வரகு நீண்ட நாள் கெடாத தானியம், பஞ்சத்துக்கு என்று சேர்த்து வைத்த தானியம், அதை ஊரின் உச்சியில் வைக்கிறோம் என்பதே போதுமான அழகு. வெள்ளம் வந்து எல்லாம் அழிந்தாலும் விதைக்கு உதவும் என்பதை மட்டும் நான் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். விதைக்குச் சூடு ஆகாது. சித்திரை வெயிலில் செப்புக்குடம் எப்படிக் காயும் என்று யோசியுங்கள். ஆனால் இதைச் சண்டை போடாமலே தீர்த்துக்கொள்ள முடியும். பழைய கலசத்தைத் திறக்கும்போது வரும் தானியத்தில் ஒரு பிடியை எடுத்து நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தட்டில் விதைத்துத் தண்ணீர் தெளித்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணட்டும். முளைத்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆற்றில் கொட்டிவிடாதீர்கள் என்பது மட்டும் வேண்டுகோள்.

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்த எழுதவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, கோயிலின் அசையும் சொத்துகளை எடையோடு பதிவேட்டில் எழுதி வைக்கச் சொல்கிறது. அறநிலையத் துறைக்கு உட்பட்ட கோயில் என்றால் திருப்பணிக்கே வல்லுநர் குழுவின் ஒப்புதல் வேண்டும், இடையில் ஒரு பொருளைக் கடைக்காரரிடம் மாற்றிக்கொள்வது கமிட்டியின் கையில் இருக்கிற விஷயமல்ல. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்குக் குறையாத உலோகப் பொருள் தொல்பொருள் ஆகிவிடும். நம் கலசங்களின் வயது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் 100 ஆண்டு ஆகியிருக்கும் என்று வைத்துக்கொண்டு நடப்பதே நல்லது. துறைக்கு வெளியே இருக்கிற அய்யனார், மாரியம்மன் கோயில் கமிட்டிகள் "நம்மைக் கேட்க யாருமில்லை" என்று நினைக்க வேண்டாம், தொல்பொருள் சட்டம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒரு கலசத்தை மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் என்ன செய்வது? இதற்கு ஆக்ராவில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. தாஜ் மகாலின் பெரிய கும்மட்டத்து உச்சியைப் பார்த்திருப்பீர்கள். பிறை இருக்கும், அதோடு சேர்ந்து நம் கலசத்தின் சாயலும் அப்பட்டமாகத் தெரியும். ஷாஜகான் காலத்தில் அங்கே இருந்தது பொன். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டுப் பொன்முலாம் பூசிய வெண்கலத்தை வைத்தார்கள். பொன் போனது போனதுதான். ஆனால் கீழே, கிழக்குப் பக்கத்து விருந்தினர் மாளிகையின் முன்னால், சிவப்புக் கல் தரையில், அந்த உச்சியின் முழு உருவத்தையும் அசல் அளவிலேயே கருப்புக் கல்லால் பதித்து வைத்திருக்கிறார்கள். தரையில் நடந்துகொண்டே உச்சியின் நீள அகலத்தைப் பார்க்கலாம்.

நம்மால் கல்லில் பதிக்க முடியாது. ஒரு சுருள் பிரவுன் தாள் வாங்க முடியும். இறக்கிய கலசத்தை மண்டபத்துத் தரையில் படுக்க வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்து, ஒவ்வொரு பகுதியின் உயரத்தையும் சுற்றளவையும் பக்கத்தில் எழுதினால் போதும். எடை, தகட்டின் கனம், எழுத்து இருந்தால் அதன் நகல், உள்ளே இருந்த தானியத்தின் பெயர், தண்டின் மரம், இறக்கிய தேதி, இருந்தவர்களின் கையெழுத்து. இரண்டு படி எடுத்து ஒன்றைக் கோயிலிலும் ஒன்றைப் பள்ளிக்கூடத்திலும் வையுங்கள். ஒன்றைச் செல்லரித்தாலும் இன்னொன்று இருக்கும். புதியது செய்ய நேர்ந்தால் கன்னாரிடம் அந்தத் தாளையே கொடுக்கலாம். கடையில் "ஐந்தடி மாடல், ஆறடி மாடல்" என்று அடுக்கி வைத்திருப்பதை நம் கோபுரத்தின் தலையில் வைக்க வேண்டியிருக்காது. பல ஊர்க் கோபுரங்கள் எல்லாம் ஒரே கடையின் கலசத்தோடு நிற்பதைப் பேருந்தில் போகும்போது பார்க்கிறேன். நல்லாவே இல்லை.

கலசம் இறக்கும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். பாலாலயம் (திருப்பணி முடியும்வரை தெய்வ சக்தியை வேறிடத்தில் வைக்கிற சடங்கு) முடிந்த பிறகு, பகல் வெளிச்சத்தில், சிவாச்சாரியாரும் கிராம நிர்வாக அலுவலரும் பள்ளித் தலைமையாசிரியரும் இருக்கும்போது இறக்கலாம். தராசுக்கு நெல் மண்டிக்காரரிடம் பேசிவிட்டேன், வாடகை வேண்டாம் என்கிறார். செப்புப் பட்டைக்கும் எர்த் குழிக்கும் ஆகிற செலவில் பாதியை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், உபயம் என்று பெயர் போட வேண்டாம். கடைக்காரருக்குக் கொடுத்த முன்பணம் திரும்ப வராது என்றால் அது எவ்வளவு என்று மட்டும் அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள், அதையும் சேர்த்துப் பேசி முடிப்போம்.

இப்படிக்கு,
மேலத்தெருத் தலைக்கட்டு வரிக்காரன் ஒருவன்